லொரென்சோ ஓமார்: நகை வரைவிலிருந்து முழுநேரக் கலைக்கு எத்தனை ஆண்டுகள்?

பதிவு 1 | நீலமை

அனைவருக்கும் வணக்கம். புட்டிகளுக்கும் அட்டைப் பெட்டிகளுக்கும் லேபிள் வரைவதுதான் 14 ஆண்டுகளாக என் பிழைப்பு. வேலையை விட்டுவிட்டு முழுநேர ஓவியரானவர்களைப் பற்றிய குறிப்புகளைத் தேடித் தேடிப் படிப்பவன் நான். அவற்றில் பெரும்பாலானவை "வடிவமைப்பாளராக இருந்தார், பிறகு கலைஞரானார்" என்று ஒரே மூச்சில் முடிந்துவிடுகின்றன. அந்தப் "பிறகு" என்ற சொல்லுக்குள் அவர் என்ன சாப்பிட்டார், யார் சம்பளம் கொடுத்தார்கள், எந்த நேரத்தில் வரைந்தார் என்பதெல்லாம் மறைந்துபோகிறது. ஆகவே ஒரே ஒருவருடைய வாழ்க்கையை ஆண்டுவாரியாக இங்கே வைத்துப் பேசலாம் என்று நினைக்கிறேன். நான் எடுத்துக்கொள்பவர், கரீபியக் கடலில் அமெரிக்காவின் ஆளுகைக்கு உட்பட்ட தீவான புவேர்ட்டோ ரிக்கோவின் அச்சுக் கலைஞர் லொரென்சோ ஓமார்.

அவர் 1913-இல் சான் ஹுவான் நகரின் புவேர்ட்டா தெ தியேரா பகுதியில் பிறந்தார். 1928-இல் குடும்பம் நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்தது. அங்கே இளம் வயதிலேயே சம்பாதிக்க வேண்டிய நிலை ஏற்பட்டது. மேடைகளில் கரணம் அடிக்கும் வித்தைக்காரராகக்கூட அவர் பிழைத்திருக்கிறார். 1931-இல் ஆர்ட் ஸ்டூடண்ட்ஸ் லீக் என்ற கலைப் பள்ளியில் ஜார்ஜ் பிரிட்ஜ்மனிடம் உடலமைப்பு வரையக் கற்றார். தன் உடலையே வளைத்துப் பிழைத்த ஒருவர், எலும்பும் தசையும் எங்கே திரும்புகின்றன என்பதைத் தாளில் கற்க உட்கார்ந்த காட்சியை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு.

1937-இல் கார்ட்டியே நகை நிறுவனத்தின் நியூயார்க் கிளையில் வடிவமைப்புப் பயிலுநராகச் சேர்ந்தார். நகை வரைவு எவ்வளவு பொறுமை கேட்கும் தொழில் என்பது அதை அருகிலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். நகை எந்த அளவோ அதே அளவில், குவாஷ் என்ற ஒளி ஊடுருவாத நீர்வண்ணத்தில், ஒவ்வொரு கல்லின் பட்டையும் எங்கே ஒளி வாங்குகிறது என்பதுவரை காட்ட வேண்டும். பட்டறையில் உட்கார்ந்திருக்கும் பொற்கொல்லர் அந்தத் தாளைப் பார்த்தே வேலை செய்வார் என்பதால், ஒரு கோடு தடித்தாலும் பொருள் மாறிவிடும். இடையில் இரண்டாம் உலகப் போர் வந்தது. அமெரிக்க இராணுவத்தில் பசிபிக் களத்தில் பணியாற்றிக் காயமுற்றார். திரும்பி வந்த பிறகு மீண்டும் கார்ட்டியேயில் வேலை பார்த்துக்கொண்டே புரூக்ளின் அருங்காட்சியகக் கலைப் பள்ளியில் படித்தார். அங்கே மெக்சிகோவின் ருஃபினோ தமாயோவும், உலோகச் செதுக்கு அச்சில் பெயர்பெற்ற காபோர் பீட்டர்டியும் அவருடைய ஆசிரியர்களாக இருந்தார்கள்.

1950-இல் ஊர் திரும்பினார். அந்த ஆண்டே ரஃபயேல் துஃபின்யோ முதலிய நண்பர்களுடன் சேர்ந்து புவேர்ட்டோ ரிக்கோ கலை மையத்தை நிறுவினார். 1951-இல் அரசின் சமூகக் கல்விப் பிரிவில் சுவரொட்டி செய்யும் வரைகலைஞராகச் சேர்ந்து, அடுத்த ஆண்டே அந்த வரைகலைப் பகுதிக்குத் தலைமையேற்றார். 1957-இல் புவேர்ட்டோ ரிக்கோ பண்பாட்டு நிறுவனத்தின் வரைகலைப் பட்டறையைத் தொடங்கி, 1973 வரை நடத்தினார். அதன் பிறகுதான் தம் சொந்தப் பட்டறையில் தம் வேலைக்கென்றே உட்கார்ந்தார். 2004-இல் மறைந்தபோது அவருக்கு 90 வயது.

என் கேள்வி இது. இந்தக் கணக்கில் அவர் எந்த ஆண்டு முழுநேரக் கலைஞரானார்?

பதிவு 2 | எழுத்தாணி

நீலமை அவர்களுக்கு, விரிவாக எழுதியதற்கு நன்றி. உங்கள் கேள்விக்கு எண்களே விடை சொல்கின்றன என்று கருதுகிறேன். 1937 முதல் 1973 வரை 36 ஆண்டுகள். போர் ஆண்டுகளைத் தவிர்த்தால் அந்தக் காலம் முழுவதும் அவர் கூலிக்கு வடிவமைத்தார். முதலில் நகைக்கடைக்கு, பிறகு அரசுக்கு, பிறகு அரசின் பண்பாட்டு நிறுவனத்துக்கு. ஆகவே முழுநேரக் கலைஞரானபோது அவருக்கு வயது ஏறக்குறைய 60. இதைத் துணிந்து சொல்ல வேண்டும்; இல்லாவிட்டால் இருபத்தைந்து வயதில் வேலையை விடத் தயங்கும் இளைஞர்கள் தங்களுக்குத் துணிச்சல் இல்லையென்று நொந்துகொள்வார்கள்.

ஆனாலும் இந்தக் கணக்கில் ஏதோ ஒன்று பிடிபடாமல் நிற்கிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். துஃபின்யோவும் அவரும் சேர்ந்து செய்த 'பிளேனா' தொகுப்பு 1953-க்கும் 1955-க்கும் இடையில் உருவானது. புவேர்ட்டோ ரிக்கோவின் மக்கள் பாடல் வடிவமான பிளேனாவை எடுத்து, லினோலியத் தகட்டில் செதுக்கி எடுத்த 12 அச்சுகளில், பாடல் வரியும் இசைக்குறிப்பும் படத்தோடு ஒன்றாகும்படி செய்த வேலை அது. இன்று அந்த நாட்டின் கலை வரலாற்றை எழுதுகிற எவரும் அதைத் தாண்டிப் போக முடியாது. அதைச் செய்தபோது அவர் அரசு ஊழியர். அப்படியானால் அந்த 12 தாள்கள் பகுதிநேரக் கலையா?

பதிவு 3 | மரக்கட்டை

ஐயா, நான் இருபது ஆண்டுகள் ஸ்கிரீன் பிரிண்டிங் கடை வைத்திருந்தவன். திருமண அழைப்பிதழ், கடைப்பை, ஸ்டிக்கர் எல்லாம் அடித்திருக்கிறேன். கலை வரலாறு எனக்குப் புதியது என்றாலும் ஓமாரின் சுவரொட்டிகளைப் பார்த்தவுடன் அவர் கை என்ன செய்திருக்கிறது என்பது எனக்குப் புரிகிறது. அதை மட்டும் சொல்கிறேன்.

ஸ்கிரீன் பிரிண்டிங்கில், அதாவது திரை அச்சில், சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணிதான் திரை. ஒரு வண்ணத்துக்கு ஒரு திரை. எட்டு வண்ணச் சுவரொட்டி என்றால் ஒரே தாள் எட்டு முறை திரைக்கு அடியில் போய் வர வேண்டும், ஒவ்வொரு முறையும் காயவேண்டும், ஒவ்வொரு முறையும் முந்தைய வண்ணத்தின் மேல் மயிரிழை பிசகாமல் உட்கார வேண்டும். ரெஜிஸ்டர் என்று நாங்கள் சொல்லும் அந்தப் பொருத்தம் விலகினால் முகத்துக்கு இரண்டு விளிம்பு வந்துவிடும். கணினி வருவதற்கு முந்தைய அந்தக் காலத்தில் படலத்தைக் கத்தியால் அறுத்துத்தான் வடிவம் எடுத்தார்கள். எழுத்தையும் அப்படித்தான் அறுக்க வேண்டும். சுவரொட்டியின் ஓரத்தில் சிறிதாக வரும் நாடகத்தின் பெயரையும் நாளையும் கத்தி முனையால் அறுத்தெடுப்பது எவ்வளவு கடினம் என்பதை, ஒரு மாலைப் பொழுது முழுவதும் உட்கார்ந்து ஒரு வரியை மட்டும் முடித்தவன் என்ற முறையில் அறிவேன்.

இந்தத் தொழில்நுட்பம் அந்தத் தீவுக்கு எப்படி வந்தது என்று தேடிப் படித்தேன். 1946-இல் பொதுப் பூங்கா, பொழுதுபோக்கு ஆணையத்தின் கீழ் தொடங்கப்பட்ட பட்டறையில் ஐரீன் டெலானோ என்ற வடிவமைப்பாளர்தான் திரை அச்சைக் கற்றுக்கொடுத்திருக்கிறார். புகைப்படக் கலைஞர் ஜாக் டெலானோவின் மனைவி அவர். அந்தப் பட்டறையிலிருந்துதான் 1949-இல் சமூகக் கல்விப் பிரிவு வளர்ந்தது. திரை அச்சுக்குப் பெரிய இயந்திரம் வேண்டாம். சட்டமும் துணியும் ரப்பர் பட்டையும் இருந்தால் போதும். கையில் பணமில்லாத ஓர் அரசு, மலைக் கிராமங்களில் திரையிடும் படத்துக்கு ஆள் கூட்ட வேண்டும் என்றால் இதைவிட ஏற்ற வழி இல்லை.

நான் சொல்ல வந்தது இதுதான். எந்த வண்ணத்தை முதலில் இடுவது, எதை எதன் மேல் படியவிட்டு மூன்றாவது வண்ணம் பிறக்கச் செய்வது என்ற முடிவை ஒருவர் எடுக்கும்போது, அவர் வடிவமைப்பாளராக முடிவெடுக்கிறாரா கலைஞராக முடிவெடுக்கிறாரா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. நகைக்கடையில் கற்ற கோட்டின் கூர்மையை அவர் திரைமேல் கொண்டுவந்திருக்கிறார் என்பது மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது.

பதிவு 4 | கரையோரம்

மரக்கட்டை அவர்களின் பதிவு இந்த இழையின் தரத்தை உயர்த்தியிருக்கிறது. எனினும் கையைப் பற்றி மட்டும் பேசினால் அந்தக் கை யாருக்காக உழைத்தது என்பது விடுபட்டுப்போகும்.

சமூகக் கல்விப் பிரிவு, தீவின் ஆளுநராக இருந்த லூயிஸ் முன்யோஸ் மரீனின் ஆட்சித் திட்டத்தின் ஒரு கிளை. ஆலைகளைக் கொண்டுவந்து தீவை அவசரமாக நவீனமாக்கிய காலம் அது. பல்லாயிரம் பேர் நிலத்தை விட்டு நியூயார்க்குக்கு விமானம் ஏறிய காலமும் அதுவே. 1948-இல் கொண்டுவரப்பட்டு 'வாய்ப்பூட்டு' என்று மக்கள் அழைத்த சட்டம், அமெரிக்காவிடமிருந்து விடுதலை பற்றிப் பேசுவதையும் தீவின் சொந்தக் கொடியை வைத்திருப்பதையும்கூடக் குற்றமாக்கியது. 1957 வரை அது நடைமுறையில் இருந்தது. கிராமத்து மக்களுக்குச் சுகாதாரத்தையும் கூட்டு முயற்சியையும் கற்பித்த அந்தச் சுவரொட்டிகளும் சிறு நூல்களும் அழகானவை, பயனுள்ளவை; அவற்றை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த அலுவலகத்தில் வேலை பார்த்த கலைஞர்களில் பலர் மனத்தளவில் விடுதலையின் பக்கம் நின்றவர்கள். அவர்களுக்குச் சம்பளம் கொடுத்த அரசின் கொள்கை வேறு.

அதனால்தான் 1950-இல் அவர்கள் தொடங்கிய கலை மையம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சில ஆண்டுகளே அது நீடித்தது. ஆனால் அலுவலகத்தில் சொல்ல முடியாததைத் தாளில் சொல்ல அது ஓர் இடம் கொடுத்தது. அந்த வட்டத்தைச் சேர்ந்த கார்லோஸ் ராக்கெல் ரிவேரா 1955-இல் செய்த 'வடக்கின் சூறாவளி' என்ற லினோலிய அச்சைப் பாருங்கள். வடக்கிலிருந்து வரும் பணமே புயலாகத் தீவின் மேல் வீசுகிறது. எந்த அரசு அலுவலகமும் அப்படியொரு சுவரொட்டி கேட்டிருக்காது. வடிவமைப்புக்கும் கலைக்கும் வேறுபாடே இல்லை என்று நாம் உற்சாகத்தில் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். கை ஒன்றாக இருக்கலாம். சொல் யாருடையது என்பது வேறு கேள்வி.

பதிவு 5 | சாளரம்

நீலமை அண்ணா, ஓமாரின் பக்கத்தில் டிரினிடாட்டின் ஆல்தியா மெக்னிஷையும் வைத்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது. நான் துணி அச்சு வடிவமைப்புப் படித்தவள் என்பதால் அவர் எனக்கு நெருக்கமானவர்.

1924-இல் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் பிறந்த அவர் சிறு வயதிலேயே ஓவியம் வரைந்து காட்சிக்கு வைத்தவர். 1950-களின் தொடக்கத்தில் லண்டன் போய், அச்சுக்கலையும் துணி வடிவமைப்பும் படித்து, 1957-இல் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டிலிருந்து வெளிவந்த கையோடு துணிகளுக்குப் பெயர்பெற்ற லிபர்ட்டி நிறுவனத்தின் தலைவரைச் சந்தித்து வேலை பெற்றார். 1959-இல் வந்த 'கோல்டன் ஹார்வெஸ்ட்' அவருடைய புகழ்பெற்ற வடிவம். இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் அறுவடைக்கு நின்ற கோதுமை வயலுக்குள் நடந்தபோது தன் ஊரின் கரும்புத் தோட்டம் நினைவுக்கு வந்ததாகவும், அதிலிருந்தே அந்த வடிவம் பிறந்ததாகவும் அவர் கூறியிருக்கிறார்.

அவர் வடிவமைப்பை விட்டு எங்கும் போகவில்லை. திரைச்சீலைக்கும் உடைக்கும் கப்பல் அறைச் சுவருக்கும் வரைந்துகொண்டே இருந்தார். 1966-இல் லண்டனில் உருவான கரீபியக் கலைஞர் இயக்கத்திலும் ஓவியர்களோடும் எழுத்தாளர்களோடும் சமமாகக் கலந்துகொண்டார். 2020-இல் அவர் மறைந்தார். 2022-இல் வில்லியம் மோரிஸ் காட்சியகத்தில் அவருடைய வாழ்நாள் படைப்புகள் தொங்கியபோது, ஒரு காலத்தில் கெஜக் கணக்கில் விற்ற அதே துணிகளை மக்கள் எட்ட நின்று ஓவியம் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

'முழுநேரக் கலைஞர்' என்ற பட்டத்துக்கு வேலையை விட்டாக வேண்டும் என்று நாம் ஏன் எண்ணுகிறோம் என்பதே என் ஐயம். பெண்கள் செய்யும் துணி வேலையைக் கலை என்று ஏற்க உலகம் அறுபது ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. அந்த அறுபது ஆண்டுகளும் அவர் கலைஞராகத்தான் இருந்தார்.

பதிவு 6 | நீலமை

சாளரம் அவர்கள் சொன்னது என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. கரையோரம் எழுப்பிய கேள்வியோடு சேர்த்து இரண்டு நாட்களாக அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் அனுபவத்தில் லேபிள் வேலையில் என்னை வாட்டுவது வரைவது அன்று. மாம்பழம் வரைவது எனக்கு இன்றும் மகிழ்ச்சிதான். மூன்று நாட்களில் முடித்த ஒன்றை, அதற்கு இன்னும் ஒரு வாரம் தேவை என்று எனக்கு மட்டும் தெரிந்திருக்கும்போது, கொடுத்துவிட்டு வர வேண்டியிருக்கிறதே, அதுதான் வாட்டுகிறது. எழுத்தை வேறொருவர் தருகிறார். நாளையும் வேறொருவர் குறிக்கிறார்.

அந்தக் கண்ணோட்டத்தில் ஓமாரைப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. கார்ட்டியேயில் வடிவமும் அளவும் நாளும் பிறர் கையில் இருந்தன. சமூகக் கல்விப் பிரிவில் செய்தி பிறருடையது. ஆனால் கிராமத்து மனிதனின் முகத்தை எப்படிக் காட்டுவது என்பது அவர் கையில் வந்தது. 1957-க்குப் பிறகு, தொல்லியலாளர் ரிக்கார்தோ அலெக்ரியா தலைமையேற்றிருந்த பண்பாட்டு நிறுவனத்தில், நாடக விழாவுக்கும் கண்காட்சிக்கும் இசை நிகழ்ச்சிக்கும் சுவரொட்டி செய்தபோது நாள் மட்டுமே பிறர் குறித்தது. எந்த எழுத்து எவ்வளவு பெரிதாக, எந்த வளைவோடு வர வேண்டும் என்பது முழுக்க அவருடையது. அந்த நிறுவனத்தின் முத்திரையை வரைந்தவரும் அவரே. கையில் செமி என்ற தெய்வ உருவம் ஏந்திய தீவின் பூர்வகுடியான தைனோ, இலக்கண நூல் ஏந்திய ஸ்பானியர், வெட்டுக்கத்தியும் முரசுமாக நிற்கும் ஆப்பிரிக்கர் என மூவரை ஒரே வட்டத்தில் நிறுத்திய அந்தச் சிறிய முத்திரையை நகை வரைந்த கை அல்லாமல் வேறொன்று அவ்வளவு நெருக்கமாகவும் அவ்வளவு தெளிவாகவும் அடக்கியிருக்குமா என்று கேட்கத் தோன்றுகிறது.

ஆகவே ஒரே நாளில் அவர் எதையும் தாண்டிக் குதிக்கவில்லை. ஒவ்வொரு வேலையிலும் பிறர் கையிலிருந்த ஒன்றைத் தன் கைக்கு மாற்றிக்கொண்டே வந்திருக்கிறார். கடைசியாக மாறியது நேரம். அது 1973-இல் மாறியது. எழுத்தாணி அவர்களின் கணக்கும் சரி, சாளரத்தின் ஐயமும் சரி என்று நான் நினைப்பது இதனால்தான்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் இருக்கும் ஓர் இழப்பையும் சொல்லிவிடுகிறேன். டிரினிடாட்டின் கார்லைல் சாங், அந்நாட்டின் கொடியையும் சின்னத்தையும் 1962-இல் வடிவமைத்த குழுவில் இருந்தவர். பியார்கோ விமான நிலையத்தில் அவர் வரைந்த பெரிய சுவரோவியம் விரிவாக்கப் பணியின்போது இடிக்கப்பட்டது. கொடி இன்றும் பறக்கிறது. ஓவியம் இல்லை. வடிவமைப்பு பிறருக்குச் சொந்தமாகிப் பிழைத்துக்கொண்டது. தன் பெயரில் செய்த கலைக்குச் சுவர்கூட மிஞ்சவில்லை. இதை நினைக்கும்போது எனக்கு வருத்தமே மேலிடுகிறது.

பதிவு 7 | எழுத்தாணி

நீலமை சொல்லும் கைமாற்றம் என்ற எண்ணத்தை ஏற்கிறேன். ஒரு திருத்தம் மட்டும். நேரத்தைத் தன் கைக்கு மாற்றிக்கொள்ளும் முன்பே, அவர் தன் நேரத்தில் பெரும்பகுதியைப் பிறருக்குக் கொடுத்திருக்கிறார். பண்பாட்டு நிறுவனத்தின் பட்டறை பழைய கைவினைப் பட்டறை முறையில் நடந்தது. பயில வந்தவர்கள் திரை கழுவுவதிலிருந்து தொடங்கி, அவர் பக்கத்தில் நின்று கற்றார்கள். அந்தோனியோ மார்த்தொரெல், மிர்னா பாயேஸ், ஹொசே அலிசேயா, அவருக்குப் பின் பட்டறையை ஏற்ற ஹொசே ரோசா எல்லோரும் அங்கே வளர்ந்தவர்கள். மார்த்தொரெல் 1968-இல் சான் ஹுவானில் 'தேள்' என்று பொருள்படும் பெயரில் தன் சொந்தப் பட்டறையைத் தொடங்கி, அரசியல்வாதிகளைச் சீட்டுக்கட்டின் உருவங்களாக்கி அச்சிட்டார். கரையோரம் கேட்ட "சொல் யாருடையது" என்ற கேள்விக்கு ஒரு விடை அங்கே இருக்கிறது. குருவின் சம்பள வேலையில் கற்ற கையைக்கொண்டு மாணவர் தன் சொல்லைச் சொன்னார்.

16 ஆண்டுகள் பட்டறை நடத்தியவருக்கு அந்த ஆண்டுகளில் எத்தனை ஓவியங்கள் வரையப்படாமல் போயின என்று கணக்கிட வழியில்லை. நான் ஆசிரியர் வேலையில் இருப்பவன் என்பதால் இந்த இழப்பை எளிதாகக் கடந்துபோக என் மனம் ஒப்பவில்லை. இதில் நீலமையோடு எனக்குச் சற்று வேறுபாடு உண்டு. எல்லாமே படிப்படியாக அவர் பக்கம் வந்துசேர்ந்தன என்று சொன்னால், அவர் கொடுத்த விலை கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது.

பதிவு 8 | கரையோரம்

எழுத்தாணி சொல்வதோடு உடன்படுகிறேன். 1973-ஆம் ஆண்டுதான் அலெக்ரியாவும் அந்த நிறுவனத்தை விட்டு விலகினார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நிழல் தந்த ஒரு நிறுவனம் யாருடைய தலைமையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே அதற்குள் ஒரு கலைஞரின் உரிமை அமைகிறது. நல்ல தலைமையின் கீழ் கிடைத்த பதினாறு ஆண்டுகள், கரீபியத் தீவுகளின் எத்தனையோ கலைஞர்களுக்குக் கிடைக்காதவை.

பதிவு 9 | மரக்கட்டை

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் வரைகலைச் சேகரிப்பில் ஓமாரின் சுவரொட்டிகள் இருக்கின்றன என்று அறிந்து, இணையத்தில் கிடைத்த படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். அப்படித் தேடியபோது 1960-களின் நடுவில் அவர் செய்த 'தீவில் ஒரு யூனிகார்ன்' என்ற மரச்செதுக்கு அச்சின் படமும் கிடைத்தது. எழுத்தாளர் தோமாஸ் பிளாங்கோவின் வரிகளைப் படத்தோடு சேர்த்து மரத்திலேயே செதுக்கியிருக்கிறார். பட்டறை வேலைக்கு நடுவில் செய்தது அது. எந்த விழாவுக்கும் அறிவிப்பு அன்று, ஓரத்தில் நாளும் நேரமும் இல்லை.

மரத்தில் எழுத்தை இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும். திரையில் தவறினால் படலத்தை மாற்றி மறுபடி அறுக்கலாம். மரத்தில் ஓர் எழுத்தின் வால் உடைந்துபோனால் அந்த இடத்தை ஒட்டுப்போட வேண்டும், இல்லையென்றால் பலகையையே தூக்கிப்போட வேண்டும். ஒரு வரியை எடுத்துக்கொண்டு எழுத்துக்கு எழுத்து பார்த்தேன். ஒரே எழுத்து மூன்று இடத்தில் வந்தால் மூன்றும் ஒன்றுபோல் இல்லை. பக்கத்து எழுத்துக்கு இடம் விட்டு ஒன்று ஒதுங்குகிறது, இன்னொன்று நீள்கிறது. அவசரத்தில் இருப்பவன் ஒரே அச்சை மூன்று முறை பதித்திருப்பான். நானும் அப்படித்தான் செய்திருப்பேன்.